நாரி நோவு, உளைவு, எரிவு: மாதக்கணக்கில் விடாத நோவுக்கு உளவியல் காட்டும் வழி, வன்னியில் உள்ளவர்களுக்காகப் படிப்படியாக

கிளினிக் நாளில் விடிய ஐந்தரைக்கே நம்பர் எடுக்க வருகிற அம்மாமாரின் கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். உள்ளே கிளினிக் கொப்பி, ஓரம் மடிந்த எக்ஸ்ரே படங்கள், இரண்டு மூன்று நிறக் குளிசைகள், ஒரு சின்னப் போத்தலில் நோ எண்ணெய். மத்தியானம் வெளியே வரும்போது முகம் வாடிப்போயிருக்கும். "படத்தில ஒண்டும் இல்லையாம் பிள்ளை. நான் கூட யோசிக்கிறதால வாற நோவாம்."

உளவளத்துணையாளராகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குப் போய்வருகிற எனக்கு இந்த வசனம் பழகிப்போய்விட்டது. ஆனால் முதலில் கேட்டது என் அம்மாவின் வாயிலிருந்துதான். அவவை ஒரு வைத்தியசாலையில் ஒருவர் "உங்களுக்கு வருத்தமே இல்லை" என்று திருப்பி அனுப்பினார். அன்று முழுக்க அவ யாரோடும் கதைக்கவில்லை. நாரி நோவைவிட அந்தச் சொல் அவவுக்கு அதிகமாக நொந்தது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நோ உண்மையான நோ. நோ பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணமும், ஒருவர் தனக்கு நோகிறது என்றால் அதை மதித்து ஏற்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. படத்தில் தெரியாத நோவும் நரம்பில் நடக்கிறது, மூளையில் நடக்கிறது. உளவியல் சிகிச்சை என்பது "உங்களுக்கு மனசில்தான் பிழை" என்ற தீர்ப்பு இல்லை. நோவைப் பழகிக்கொண்ட நரம்பு மண்டலத்துக்கு வேறு பழக்கம் கொடுக்கிற வேலை அது.

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற நோவைத்தான் நாட்பட்ட நோ என்கிறோம். கீழே உள்ளவை அதற்கானவை. நேற்று விழுந்து கை முறிந்தவருக்கு இல்லை.

முதற்படி: ஆபத்தான நோ இல்லையென்று உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் மற்றதைத் தொடவேண்டாம். நாரி நோவோடு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமல் போனால், இருக்கிற இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனால், கால் திடீரெனச் சோர்ந்து இழுபட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸைக் கூப்பிடலாம். காய்ச்சலோடு வருகிற முதுகு நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் குறையாமல் இரவில் கூடுகிற நோ, இவையும் வைத்தியர் பார்க்கவேண்டியவை.

எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று இருக்கிறது. உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணுக்குப் பக்கத்திலோ நாரியெலும்புக்குப் பக்கத்திலோ இரும்புத் துண்டு இருந்தால் அது அசையக்கூடும். "எந்தப் பக்கத்தால காயப்பட்டனீங்கள்" என்று யாரும் கேட்கப்போகிறார்களோ என்ற பயத்தில் சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். "உடம்பில இரும்பு கிடக்கு" என்பது மட்டும் போதும். எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: நோ எப்படி வேலை செய்கிறதென்று விளங்கிக்கொள்ளுங்கள்

இதில்தான் கொஞ்சம் கூட நேரம் எடுக்கப்போகிறேன். இது விளங்கினால் மற்றப் படிகளில் பாதி தானாக வரும்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோக் கரையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் படுகாயப்பட்ட படையினரிடம் "நோவுக்கு மருந்து வேணுமா" என்று கேட்டுக் குறித்துவைத்தார். 1946இல் அதை வெளியிட்டார். கேட்கப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். காயம் பெரிசு, நோ சிறிசு. இதை வாசித்தபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. போர் முடிந்த 2009இல் காயத்தோடு நடந்து வந்து, பிள்ளையை இறக்கி வைத்த பிறகுதான் காலைப் பார்த்தேன் என்று எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எந்த நோவும் இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்த 33 ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரரில் 37 வீதமானவர்களுக்கு டிஸ்க் தேய்வு இருந்தது. எண்பது வயதில் 96 வீதம். நோ இல்லை, தேய்வு மட்டும் இருக்கிறது. ஆகவே "எலும்பு தேஞ்சிட்டுது" என்று சொல்லப்பட்டவுடன் உங்கள் வாழ்க்கை முடிந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். தோலில் சுருக்கம் விழுகிறது மாதிரி உள்ளேயும் விழுகிறது.

காயமும் நோவும் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு விளக்கம் 1965இல் வந்தது. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளரும் பட்ரிக் வோல் என்ற நரம்பியலாளரும், முதுகுத்தண்டில் ஒரு படலை இருப்பது போலச் சொன்னார்கள். உடம்பிலிருந்து வருகிற சேதி அந்தப் படலையால்தான் மேலே போகவேண்டும். பயம், கவலை, கவனம், பழைய அனுபவம் எல்லாம் மேலிருந்து அந்தப் படலையைத் திறக்கவும் சாத்தவும் செய்யும். 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இன்னொன்றைக் காட்டினார். திரும்பத் திரும்ப நோச்சேதி வந்தால் முதுகுத்தண்டின் நரம்புக் கலங்களே கூர்மையாகிவிடுகின்றன. பிறகு மெல்லத் தொட்டாலும் நோகும்.

இதை நான் ஊரில் இப்படித்தான் சொல்லுவேன். வயல் காவலுக்குக் கொட்டிலில் படுக்கிற ஒருவர். ஒருநாள் யானை வந்து அரைவாசிப் பயிரையும் மிதித்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து பனையோலை சரசரத்தாலும் அவர் யானை வெடி கொளுத்துகிறார். வெடிச்சத்தம் உண்மை. அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை. யானைதான் இல்லை. நாட்பட்ட நோவில் உங்கள் நரம்பு அந்தக் காவல்காரர். அவரை ஏசினாலும் அடித்தாலும் இன்னும் பதறுவார். பல இரவு ஓலை சரசரத்து, யானை வராமல் விடிந்தால்தான் கை தணியும். அந்த இரவுகளை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இனி வருகிற படிகள்.

மூன்றாம் படி: ஒரு கிழமை கொப்பி எழுதுங்கள்

பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். காலை ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. மணிக்கொருக்கால் எழுதவேண்டாம். அது கவனம் முழுவதையும் நோவிலேயே கட்டிவைத்துவிடும். எழுத வேண்டியது நான்கு: பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோ எத்தனை, என்ன வேலை எத்தனை நிமிடம் செய்தீர்கள், முதல்நாள் இரவு எப்படி நித்திரை, அந்த நேரம் மனதில் ஓடினது என்ன.

நோவுக்கு எங்களிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, இழுக்குது, பிடிக்குது. இலக்கத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள். எரிவும் விறைப்பும் ஷொக் அடித்த மாதிரி ஓடுவதும் நரம்பு நோவின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு வைத்தியர் கொடுக்கிற மருந்து வேறு. "நோகுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது தெரியவராது.

விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதிய பக்கம் ஒன்று: "திங்கள். காலமை 4. கச்சான் பிடுங்கினது, ஒரே இருப்பில மூண்டு மணித்தியாலம். பின்னேரம் 8, நாரி உளைவு. செவ்வாய் எழும்பேல்ல. புதன் எழும்பேல்ல. வியாழன் 4. விட்ட வேலையெல்லாம் செய்தது. பின்னேரம் 9." அந்தப் பக்கத்தை அவவே திரும்ப வாசித்துவிட்டு, "நான்தான் என்னைப் படுக்கப் போடுறன் போல" என்றா. நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

நான்காம் படி: நோவைக் கேட்டு வேலை செய்யாமல், மணிக்கூட்டைக் கேட்டுச் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள்.

வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கண்டது இது. நோயாளி நோ வரும்வரை வேலை செய்கிறார், நோ வந்ததும் படுக்கிறார். ஓய்வு நோவுக்குக் கிடைக்கிற பரிசாகிவிடுகிறது. உடம்பு அதைப் படித்துக்கொள்கிறது. ஃபோர்டைஸ் இதைத் திருப்பிப் போட்டார். வேலையின் அளவை முதலே தீர்மானி. நோ வரமுன்னமே நிறுத்து. நோ இருந்தாலும் அந்த அளவை முடி. வைத்தியர் தந்த குளிசையும் அப்படியே, நோவுக்காக இல்லாமல் நேரத்துக்கு.

கணக்கு இப்படி. ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். கச்சான் பிடுங்குவதென்றே வைப்போம். மூன்று நாள், நோ கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் இருக்க முடிகிறதென்று பாருங்கள். 20, 30, 25 என்று வந்தால் சராசரி 25. அதில் ஐந்திலொன்றைக் கழியுங்கள். 20 நிமிடம். அதுதான் உங்கள் தொடக்கம். 20 நிமிடம் ஆனதும் போனில் அலாரம் அடிக்க எழும்புங்கள். நிழலுக்குப் போங்கள், நாலு எட்டு நடவுங்கள், தண்ணி குடியுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு 20. கிழமைக்கு இரண்டு நிமிடம் மட்டும் கூட்டுங்கள்.

கஷ்டமான நாளில் 20 நிமிடத்தை முடிப்பதைவிட, நல்ல நாளில் 20 நிமிடத்தில் எழும்புவதுதான் கஷ்டம். அறுவடைக்கு மழை இருட்டும்போது யார்தான் எழும்புவார்கள்? கூலிக்குப் போகிறவர்களுக்கு அலாரம் அடித்ததும் எழும்ப முதலாளி விடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே வேலையை நிறுத்த முடியாவிட்டாலும் மாற்றலாம். குனிந்து பிடுங்கியவர் கொஞ்ச நேரம் நிமிர்ந்து சாக்குக் கட்டலாம். தண்ணி அள்ளுவதும் அப்படித்தான். ஒரே நடையில் இரண்டு வாளி தூக்குவதைவிட அரை வாளியாக நாலு நடை நல்லது.

ஐந்தாம் படி: பயந்து விட்டவற்றைத் திரும்பத் தொடுங்கள்

ஒருமுறை குனிந்தபோது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு குனிவதே இல்லை. குனியாததால் தசை சோர்கிறது, விறைக்கிறது. அடுத்தமுறை குனிந்தால் இன்னும் நோகிறது. பயம் சரிதான் என்று ஆகிவிடுகிறது. இந்தச் சுற்றைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஹான் ஃவ்லாயன், சுவீடனில் வாழ்ந்த ஸ்டீவன் லின்டன் என்ற இரு உளவியலாளர்களும் 2000இல் தெளிவாக வரைந்து காட்டினார்கள். நோவைவிட நோவைப் பற்றிய பயம் ஆளை அதிகமாக முடக்கும் என்பதுதான் அவர்களின் கருத்து.

பயப்படுகிறவற்றை ஏணிப்படி போல எழுதுங்கள். மிகக் குறைந்த பயம் கீழே. உதாரணத்துக்கு: கதிரையில் இருந்து செருப்பை எடுப்பது, நின்றபடி குனிந்து விளக்குமாறு எடுப்பது, அரை வாளி தண்ணி தூக்குவது, குன்றும் குழியுமான ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து சந்திவரை போவது, பஸ்ஸில் ஏ9ஆல் வவுனியா போவது. கீழ்ப்படியில் தொடங்குங்கள். செய்ய முன்னம், "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். செய்தபிறகு, நடந்ததை எழுதுங்கள். "நாரி கழண்டிடும்" என்று எழுதியவர் "கொஞ்சம் இழுத்தது, பிறகு விட்டிட்டுது" என்று தன் கையாலேயே எழுதும்போது காவல்காரருக்கு ஒரு இரவு விடிந்தது மாதிரி. ஒரு படியை நாலைந்து நாள் திரும்பச் செய்து பயம் பாதியாகக் குறைந்தபிறகு அடுத்ததற்குப் போங்கள்.

ஆறாம் படி: நோவோடு வருகிற யோசனையைப் பிடியுங்கள்

மைக்கல் சல்லிவன் 1995இல் 13 கேள்விகளில் ஒரு அளவுகோல் செய்தார். நோ வரும்போது அதையே நினைத்துச் சுற்றுவது, அதைப் பூதாகரமாக்குவது, இனி ஒன்றும் ஏலாது என்று கைவிடுவது, இந்த மூன்றையும் அது அளக்கும். எங்கள் பேச்சில் அது "நான் இனி எழும்பமாட்டன்", "பிள்ளையளுக்குப் பாரமாப் போனன்", "இது சாகும்வரைக்கும்தான்" என்று வரும். இவை பாசத்திலிருந்தும் இழப்பிலிருந்தும் வருகிற சொற்கள். அவற்றை அடக்கச் சொல்லமாட்டேன். கொப்பியில் எழுதி, பக்கத்தில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். போன கிழமை இதே யோசனை வந்தபோது பிறகு என்ன நடந்தது? இதையே என் தங்கச்சி சொன்னால் அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்?

ஏழாம் படி: உடம்பை ஆறவிடுங்கள்

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. ஜெபமாலை உருட்டுகிறவர் அதோடு செய்யலாம், நமசிவாய சொல்கிறவர் அதோடு, திக்ர் செய்கிறவர் அதோடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த மரபுவழிச் சாந்த முறைகளைத்தான் பெரிதும் பரிந்துரைத்தார். ஆட்களுக்கு ஏற்கனவே கைவந்த பழக்கம் என்பதால்தான் அது நிற்கிறது என்பது என் அனுபவம்.

உலகளவில் இதற்கு உறவான முறை, ஜோன் கபட்-சின் 1979இல் தொடங்கிய எட்டுக் கிழமை விழிப்புணர்வுப் (மைன்ட்ஃபுல்னஸ்) பயிற்சி. 2016இல் நாட்பட்ட முதுகு நோவுள்ள 342 பேரில் செய்த சோதனையில் இந்தப் பயிற்சியும், யோசனையையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் வழமையான வைத்தியத்தைவிடக் கூடப் பலன் கொடுத்தன.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடினவுடன் சிலருக்குப் பங்கரும் சத்தமும் வரும். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யவேண்டும். இரண்டு பாதமும் நிலத்தில் படட்டும். முற்றத்தில் உள்ள ஒரு மரத்தைப் பார்த்தபடி செய்யுங்கள். அதுவும் ஏலாவிட்டால் நடந்தபடி மூச்சை எண்ணுங்கள்.

எட்டாம் படி: போரோடு ஒட்டியிருக்கிற நோ

போர் முடிந்த மே மாதம் வந்தால் என்னிடம் வருகிறவர்களின் கொப்பியில் இலக்கங்கள் ஏறும். நோ பழைய பயத்தை எழுப்பும், பயம் தசையை இறுக்கி நோவைக் கூட்டும். ஒன்று மற்றதை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று 2001இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுகிற தாயின் நெஞ்சு நோவை இசிஜி மட்டும் பார்த்து முடிக்கமுடியாது. இசிஜி பார்க்காமல் விடவும் கூடாது.

ஆனால் நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கவேண்டாம். சொல்ல விருப்பம் வந்தால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பயிற்சி பெற்றவரிடம் சொல்லுங்கள். சாகவேண்டும் போல யோசனை வந்தால் காத்திருக்கவேண்டாம். மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

கால் அல்லது கை இழந்தவர்களுக்கு, இல்லாத காலில் நோ வருவது பைத்தியம் இல்லை. அந்தக் காலின் வரைபடம் மூளையில் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியால் இதற்கு வழி கண்டார். இருக்கிற காலுக்கும் இழந்த காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருப்பது போலத் தெரியும். நல்ல காலை மெல்ல மடக்கி நீட்டி, விரலை அசைத்து, கண்ணாடியையே பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம், நாலைந்து கிழமை. எல்லோருக்கும் குறையாது, சிலருக்குத் தலைச்சுற்றும் அழுகையும் வரும். அப்படியானால் கண்ணாடியை மூடிவிட்டு அடுத்தநாள் ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். முதல்முறை தனிய இருந்து செய்யவேண்டாம்.

ஒன்பதாம் படி: குளிசையும் நித்திரையும் வீட்டாரும்

டைக்குளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற நோக்குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடவேண்டாம். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வவுனியா உட்பட உலர்வலயத்துக் கமக்காரரிடையே சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நரம்பு நோவுக்கு அமிற்றிப்டிலின் எழுதித் தந்தால், "இது மனவருத்தக் குளிசையெல்லோ" என்று எறிந்துவிடவேண்டாம். குறைந்த அளவில் அது நரம்பு நோவுக்கே கொடுக்கப்படுகிறது. நிறுத்துவதென்றால் வைத்தியரைக் கேட்டு மெல்ல மெல்ல.

நித்திரை கெட்டால் அடுத்தநாள் நோ கூடும். ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீ குடிக்கவேண்டாம், மத்தியான நித்திரை அரை மணித்தியாலம் போதும்.

வீட்டாருக்கு ஒரு சொல். "பாவம், நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்பது அன்புதான். ஆனால் எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கிவிட்டால் அவவுக்கு மிஞ்சுவது கட்டிலும் நோவும்தான். "நோ எப்படி?" என்று நாளுக்குப் பத்துத்தரம் கேட்பதை விட்டு, "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேளுங்கள். அவ தன் 20 நிமிடத்தை முடித்தபிறகு பக்கத்தில் போய் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். நோ வந்தபோது மட்டும் ஓடிப் போகாமல், அளவை முடித்தபோது போங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நேர்மையாகச் சொல்லவேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் குழு 2020இல் 75 ஆய்வுகளை, 9,400 பேரளவில், சேர்த்துப் பார்த்தது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சையால் சராசரியாகக் கிடைக்கிற பலன் சிறியது என்றே முடிவு வந்தது. சிறியது, ஆனால் இருக்கிறது. நோ 7இலிருந்து 6க்கு இறங்கியது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அதே ஆள் திரும்பக் கோயில் பொங்கலுக்குப் போய் நின்று வந்தால் அது பெரிது. 2022இல் வந்த ஒரு ஆய்வில், நோ என்பது மூளையின் பொய் அலாரம் என்று படிப்படியாக விளங்கவைக்கிற சிகிச்சையைப் பெற்றவர்களில் 66 வீதமானோர் ஏறக்குறைய நோவே இல்லாமல் ஆனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களில் 20 வீதம். அது 151 பேரில், முதுகு நோவில் மட்டும், அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை. காலில் சன்னம் கிடக்கிறவருக்கு அப்படியே பொருந்துமென்று நான் வாக்குத் தரமாட்டேன்.

கடைசிப் படி: நோ கிளம்புகிற நாளுக்கு ஒரு கடதாசி

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒருநாள் நோ கிளம்பும். அந்த நாளில் மூளை எதையும் யோசிக்கவிடாது. அதனால் நல்ல நாளிலேயே எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவையுங்கள். விசுவமடு அம்மாவின் கடதாசி எங்கள் கொப்பியிலிருந்து கிழித்த தாள்தான். சோற்றுப்பசையால் ஒட்டியிருக்கிறா:

"புதுசா ஒண்டும் முறியேல்ல. முந்தியும் இப்பிடி வந்து மூண்டு நாளில விட்டது. சுடுதண்ணி ஒத்தணம். மூச்சு, விடிய ஒருக்கா படுக்கேக்க ஒருக்கா. கச்சான் 20ஐப் 10 ஆக்கிறது, நிப்பாட்டிறேல்ல. தண்ணி அள்ள மருமகளைக் கேக்கிறது, வெக்கப்படுறேல்ல. கால் சோந்தால் இல்லாட்டி மூத்திரம் அடைச்சால் 1990. நாலாம் நாள் திரும்ப 12."

மூன்றாம் நாளிலேயே 20க்குப் போகப் பார்த்தா. மருமகள்தான் கடதாசியைக் காட்டி இருத்தினவ.